தவறிய கணக்கும் தப்பாத பாடமும்



உங்கள் பள்ளிச் செய்முறை வகுப்பை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனை. நூலின் நீளத்தை அளந்தாயிற்று. இருபது அலைவுகளுக்கான நேரமும் குறித்தாயிற்று. கணக்குப் போட்டால் விடை 10.8 என்று வருகிறது. புத்தகமோ 9.8 என்கிறது. இப்போது என்ன செய்வீர்கள்?

உண்மையைச் சொல்லுங்கள். ரப்பரை எடுத்து நேரத்தைச் சற்றே கூட்டி எழுதி, 9.8 வருமாறு செய்துவிடுவீர்கள் அல்லவா? வெட்கப்பட வேண்டாம். உங்கள் வயதில் நானும் அதையேதான் செய்தேன். எனக்கு வந்த விடையும் அதே 10.8 தான். ரெக்கார்டு நோட்டில் அழகாக 9.8 என்று எழுதி, முழு மதிப்பெண்ணும் பெற்றேன். அந்த 10.8 எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அழித்து எழுதப்படும் விடைகளைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. நேர்மையாகக் கணக்கிட்டு, வழிமுறையோடு எழுதி வைக்கப்பட்ட தவறான விடை, திருத்திப் பொய்யாக்கப்பட்ட சரியான விடையைவிட விஞ்ஞானத்துக்கு அதிகம் பயன்படும் என்பதே அது. இதை வெறும் நீதிபோதனையாகச் சொல்லவில்லை. இன்று உலகமெங்கும் நடைபெறும் வானிலைக் கணிப்பு முழுவதும் இப்படிப்பட்ட ஒரு தவறான விடைக்குக் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

வைக்கோற்போரில் ஒரு கணக்கு

காற்று என்பது ஒரு பாய்மம். அதன் இயக்கம் நியூட்டனின் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. அதன் வெப்பமும் அழுத்தமும் நாம் படிக்கும் வெப்ப இயக்க விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. அப்படியானால் இன்றைய காற்றின் நிலை முழுவதும் தெரிந்தால், நாளைய நிலையைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம் அல்லவா? நார்வே நாட்டு விஞ்ஞானி வில்ஹெல்ம் பியர்க்னஸ் 1904 ஆம் ஆண்டில் இவ்வாறு கூறினார். சொல்வது எளிது, கணக்குப் போடுவது யார்?

இங்கிலாந்தைச் சேர்ந்த லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் அதற்குத் துணிந்தார். நிலப்பரப்பைச் சதுரங்கப் பலகை போலக் கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 200 கி.மீ. அகலம். அவற்றுக்கு மேலே உள்ள காற்றையும் அடுக்கடுக்காகப் பிரித்தார். 1910 மே 20 ஆம் நாள் காலையில் ஐரோப்பாவில் எடுக்கப்பட்ட அளவுகள் அவரிடம் இருந்தன. அவற்றைத் தொடக்கமாகக் கொண்டு, அன்றைய ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எப்படி மாறும் என்று கணக்கிடத் தொடங்கினார். அந்த நாள் எப்போதோ முடிந்துபோன நாள். ஆகவே விடை சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ரிச்சர்ட்சன் போரை வெறுக்கும் குவேக்கர் சமயப் பிரிவினர். ஆயுதம் ஏந்த மறுத்த அவர், பிரான்ஸில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஓய்வு நேரத்தில், குளிரில், வைக்கோற்குவியல்மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1917 இல் போரின் நடுவே கையெழுத்துப் பிரதியே காணாமற்போய், பல மாதங்களுக்குப் பிறகு பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியிலிருந்து கிடைத்தது. படிவங்களை வகுக்கவும், இரண்டே இரண்டு இடங்களுக்கான மாற்றத்தைக் காணவும் அவருக்கு ஏறத்தாழ ஆறு வாரங்கள் பிடித்தன.

விடை என்ன வந்தது தெரியுமா? ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று வந்தது. கடல் மட்டத்தில் சாதாரணக் காற்றழுத்தம் 1013 மில்லிபார். கடுமையான புயல்களின் மையத்திற்கூட அழுத்தம் பெரும்பாலும் அதிலிருந்து நூறு மில்லிபார் அளவே குறையும். ஆகவே ஆறு மணியில் 145 மில்லிபார் ஏற்றம் என்பது நடக்கவே நடக்காத ஒன்று. உண்மையில் அன்று அங்கே அழுத்தம் ஏறக்குறைய மாறாமலே இருந்தது.

இங்கேதான் நான் உங்களை நிறுத்திக் கேட்கிறேன். ஆறு வார உழைப்பு, விடை கேலிக்குரியது. நீங்களாயிருந்தால் என்ன செய்வீர்கள்? ரிச்சர்ட்சன் 1922 இல் அந்தக் கணக்கை முழுமையாக அச்சிட்டார். தொடக்க அளவுகள், படிவங்கள், ஒவ்வொரு படியும், கடைசியில் அந்த 145 உட்பட யாவும் நூலில் இடம்பெற்றன. தவறு எங்கிருந்து வந்திருக்கும் என்ற தம் ஐயத்தையும் எழுதினார். தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்றின் அளவுகள்மேலேயே அவர் விரல் நீட்டினார்.

அண்டாவில் தளும்பும் நீர்

ரிச்சர்ட்சனின் சமன்பாடுகளில் தவறில்லை. பிறகு ஏன் இப்படி ஆயிற்று?

கல்யாண வீட்டில் இருவர் ஒரு பெரிய அண்டா நிறைய நீரைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அண்டா மெதுவாக நகர்கிறது. உள்ளே நீரோ விரைவாக முன்னும் பின்னும் தளும்புகிறது. இப்போது ஒருவர் ஒரே ஒரு நொடியில் நீர் ஓடும் வேகத்தை மட்டும் அளந்து, "இந்த வேகத்தில் போனால் அண்டா ஒரு மணி நேரத்தில் பக்கத்து ஊருக்கே போய்விடும்" என்று கணக்கிட்டால் எப்படி இருக்கும்? அவர் அளந்தது தளும்பலை. அவருக்கு வேண்டியதோ நடை.

வளிமண்டலத்திலும் இரண்டுவகை அசைவுகள் உண்டு. ஒன்று, தளும்பலைப் போன்ற ஈர்ப்பு அலைகள். இவற்றில் விரைவானவை விநாடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் வேகத்தில் ஓடும். ஆனால் நாளைய வானிலையைத் தீர்மானிப்பதில் இவற்றின் பங்கு மிகச் சிறிது. மற்றொன்று, ஆயிரக்கணக்கான கி.மீ. நீளமுள்ள, மெதுவாக நகரும் பேரலைகள். வானிலையைச் சுமந்து செல்பவை இவையே. இயற்கையில் காற்றின் வேகமும் அழுத்த வேறுபாடும் ஏறத்தாழச் சமநிலையில் இருப்பதால் தளும்பல் அடங்கியே இருக்கிறது. ஆனால் அளவீட்டில் சிறு பிழைகள் நேர்ந்தால் தாளில் அந்தச் சமநிலை குலைந்துவிடும். இயற்கையில் இல்லாத பெருந்தளும்பல் கணக்கில் தோன்றிவிடும்.

ஓரிடத்தின் காற்றழுத்தம் என்பது அதற்கு மேலே உள்ள காற்றின் எடையே. ஒரு பக்கம் காற்று உள்ளே வருகிறது; மறுபக்கம் வெளியே போகிறது. இரண்டும் மிகப் பெரிய எண்கள். அவற்றின் வேறுபாடோ மிகச் சிறியது. இது, லாரியை இருமுறை எடை போட்டு, ஓட்டுநர் சட்டைப்பையில் இருக்கும் எலுமிச்சம்பழத்தின் எடையைக் காண முயல்வதைப் போன்றது. எடைமேடை துளி பிசகினாலும் பழம் பூசணிக்காயாகிவிடும்!

இன்னொரு பொறியும் இருந்தது. 1928 இல் கூராண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லூயி என்ற மூன்று கணித அறிஞர்கள் ஒரு நிபந்தனையைக் கண்டனர். இத்தகைய கட்டக் கணக்கில் ஒரு கால அடிக்குள் எந்த அலையும் ஒரு கட்டத்தைத் தாண்டி ஓடிவிடக் கூடாது. ஓடினால் பிழைகள் பெருகிக் கணக்கே வெடித்துவிடும். 200 கி.மீ. கட்டத்தை 300 மீட்டர் வேகத்தால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 11 நிமிடங்கள் வரும். ரிச்சர்ட்சன் எடுத்துக்கொண்ட கால அடியோ மூன்று மணி நேரம்! கணக்கை அவர் மேலும் தொடர்ந்திருந்தால் விடை இன்னும் கேடாகவே போயிருக்கும்.

பேரலைகளின் சூத்திரம்

அடுத்த படியை எடுத்து வைத்தவர் கார்ல் குஸ்டாஃப் ராஸ்பி. சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர். அவர் 1939 இல், தளும்பலை அடியோடு விட்டுவிட்டுப் பேரலைகளை மட்டும் கருதினார்.

நடு அட்சரேகைகளில், தரையிலிருந்து ஐந்தாறு கி.மீ. உயரத்தில், காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. அது நேர்கோட்டில் செல்வதில்லை. ஆறு வளைந்து ஓடுவதுபோல் வடக்கும் தெற்குமாக வளைந்தே செல்கிறது. ஏன்? பூமி சுழல்வதால் அதன்மேல் உள்ள காற்றும் அதனோடு சேர்ந்து சுழல்கிறது. இந்தச் சுழற்சியின் பங்கு துருவத்தருகே அதிகம், நிலநடுக்கோட்டில் சுழி. வடகோளத்தில் காற்று வடக்கே நகர்ந்தால் பூமி தரும் சுழற்சி கூடுகிறது. மொத்தச் சுழற்சி மாறக்கூடாது என்பதால், காற்று தன் சொந்தச் சுழற்சியைக் குறைத்துக்கொண்டு வலப்பக்கமாக, அதாவது தெற்கு நோக்கித் திரும்புகிறது. தெற்கே மிகுதியாகப் போனால் இடப்பக்கம் திரும்பி வடக்கே வருகிறது. இப்படி மாறிமாறித் திரும்புவதே அலை. இன்று இதற்கு ராஸ்பி அலை என்றே பெயர்.

ராஸ்பி தந்த சூத்திரம் உங்களுக்கும் எட்டக்கூடியதுதான். காற்றின் வேகத்திலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். கிடைப்பது அலையின் வேகம். கழிக்க வேண்டியது எது? அலைநீளத்தை வர்க்கமாக்கி, பீட்டா என்னும் எண்ணால் பெருக்கி, 39.5 ஆல் வகுத்தால் வருவது. பீட்டா என்பது பூமியின் சுழற்சிப் பங்கு வடக்கே போகப்போக எவ்வளவு கூடுகிறது என்பதன் அளவு. 45 ஆவது அட்சரேகையில் மீட்டர், விநாடி அலகுகளில் அது 1.6 × 10⁻¹¹.

பென்சிலை எடுங்கள். காற்றின் வேகம் விநாடிக்கு 15 மீட்டர் என்று கொள்வோம். அலைநீளம் 3000 கி.மீ. என்றால் கழிக்க வேண்டியது 3.6. அலை விநாடிக்கு 11.4 மீட்டர் வேகத்தில் கிழக்கே நகரும். ஒரு நாளில் ஏறத்தாழ 1000 கி.மீ. கடக்கும். அலைநீளம் 6000 கி.மீ. என்றால் கழிக்க வேண்டியது 14.6. அலை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். 9000 கி.மீ. என்றால் கழிக்க வேண்டியது 32.8. அந்த அலை காற்றை எதிர்த்து மேற்கு நோக்கியே நகரும்! ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், ஒரு கழித்தல். இவ்வளவில் கண்டங்களை அளாவும் அலைகளின் போக்கு பிடிபடுகிறது.

1940களின் பிற்பகுதியில் அமெரிக்கரான ஜூல் சார்னி, ரிச்சர்ட்சனின் தோல்வியை நன்கு ஆராய்ந்து, சமன்பாடுகளிலிருந்து தளும்பலை வடிகட்டும் வழியை வகுத்தார். 1950 மார்ச் மாதம், சார்னியும் அவருடைய தோழர்களும் எனியாக் என்ற கணிப்பொறியில் முதன்முதலாக வானிலையைக் கணக்கிட்டனர். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் கொண்ட இராட்சத இயந்திரம் அது. அவர்கள் எடுத்துக்கொண்டதோ ஒரே ஒரு சமன்பாடு, 736 கி.மீ. இடைவெளியில் 270 புள்ளிகள். ஒரு நாளைய வானிலையைக் கணக்கிட ஏறத்தாழ ஒரு நாளே ஆயிற்று. நான்கு கணிப்புகள் செய்தனர். பேரலைகளின் போக்குப் பல இடங்களில் சரியாக வந்தது. சில இடங்களில் பிசகியது. பிசகிய இடங்களையும் காரணங்களையும் அவர்களும் மறைக்காமல் அச்சிட்டனர். அந்த முடிவுகளைப் படித்துப் பாராட்டும் பேறு ரிச்சர்ட்சனுக்குக் கிட்டியது. மூன்று ஆண்டுகளில், 1953 இல், அவர் காலமானார்.

தவறின் கைரேகை

இனி என் கருத்துக்கு வருகிறேன். ரிச்சர்ட்சன் 145 ஐ அழித்துவிட்டு, கண்துடைப்பாக 1 என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நூல் வெளிவந்தபோது சிலர் மெச்சியிருப்பார்கள். ஆனால் பின்வந்தவர்கள் அதிலிருந்து எதையும் கற்றிருக்க முடியாது. தவறான விடையில் தவறின் கைரேகை இருக்கிறது. அதைத் துடைத்துவிட்டால் துப்புத் துலக்க வழியே இல்லை.

அயர்லாந்து வானிலை அறிஞர் பீட்டர் லிஞ்ச் பிற்காலத்தில் அதே 1910 மே 20 ஆம் நாள் அளவுகளைக் கொண்டு, கணிப்பொறியில் அதே கணக்கைத் திரும்பப் போட்டார். அப்படியே போட்டபோது அதே அபத்தம் வந்தது. தொடக்க அளவுகளிலிருந்து விரைவுத் தளும்பலை வடிகட்டிவிட்டுப் போட்டபோது, நம்பத்தக்க சிறு மாற்றமே வந்தது. பல பத்தாண்டுகள் கழித்து ஒருவர் அந்தக் கணக்கைத் திரும்பப் போட முடிந்தது எதனால்? ரிச்சர்ட்சன் எதையும் அழிக்காததால்தான்!

இப்போது என் 10.8 க்கு வருவோம். ஆசிரியரான பிறகு ஒருநாள், மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி அதே விடையோடு வந்தார். நல்லவேளையாக அவர் எதையும் அழித்திருக்கவில்லை. எண்ணிக் காட்டச் சொன்னேன். கடிகாரத்தை அழுத்தும்போதே "ஒன்று" என்று தொடங்கினார். "இருபது" என்றதும் நிறுத்தினார். அதாவது அவர் எண்ணியது இருபது அலைவுகள் அல்ல, பத்தொன்பது! தொடக்கத்தில் "சுழி" என்று சொல்லியிருக்க வேண்டும். அலைவு நேரம் இருபதில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. முடுக்கமோ நேரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறுவது. 20 ஐ 19 ஆல் வகுத்து வர்க்கமாக்கி 9.78 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 10.8! என் பள்ளி நாளில் நான் அழித்த எண்ணுக்குள் விடை ஒளிந்திருந்தது. நான்தான் அதை ரப்பரால் துடைத்துவிட்டேன்.

"அப்படியானால் தவறாகப் போட்டவர்களுக்கெல்லாம் மதிப்பெண் தரலாமா? பிறகு யார் கவனமாகச் சோதனை செய்வார்கள்?" என்று உங்கள் ஆசிரியர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அசட்டையால் வந்த தவறுக்கு நான் பரிந்து பேசவில்லை. எடுத்த அளவுகள் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாரா? விடை புத்தகத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சொல்லியிருக்கிறாரா? விலகலுக்குக் காரணம் தேடியிருக்கிறாரா? இந்த மூன்றுக்கும் மதிப்பெண் வேண்டும் என்றே சொல்கிறேன். இவை மூன்றும் இருந்தால் 10.8 எழுதியவர் விஞ்ஞானி. இவை இல்லாமல் 9.8 எழுதியவர் படியெடுத்தவர். இன்றைய முறையில் படியெடுத்தவருக்கே பரிசு கிடைக்கிறது. பொய்யெழுதக் கற்பிக்கும் இந்த வழக்கம் மாற வேண்டும்.

கேலி செய்வோருக்கு ஒரு சொல்

இது பள்ளிக்கூடத்தோடு முடியும் விஷயமன்று. "மழை வரும் என்றார்கள், வெயில் கொளுத்துகிறது" என்று வானிலை அறிக்கையைக் கேலி செய்யாத தேநீர்க் கடை உண்டா? தவறை நேர்மையாகக் காட்டும் துறையைத் தவறுக்காகவே நாம் ஏளனம் செய்கிறோம்.

கணிப்பு எவ்வளவு பிசகலாம் என்பதே ஒரு விஞ்ஞானம். அமெரிக்கரான எட்வர்ட் லோரன்ஸ் 1961 இல் தம் கணிப்பொறியில், 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று சுருக்கிக் கொடுத்தபோது, சிறிது காலத்தில் முற்றிலும் வேறான வானிலை வந்தது. அவரும் அதை இயந்திரக் கோளாறு என்று தள்ளிவிடவில்லை, காரணம் தேடினார். தொடக்கத்தில் உள்ள இம்மியளவு பிழையும் நாளடைவில் பெருகிவிடும் என்ற உண்மை 1963 இல் அவருடைய கட்டுரையாக வெளிவந்தது. ஆகவேதான் இன்று பெரிய வானிலை மையங்கள் ஒரே கணிப்போடு நிற்பதில்லை. தொடக்க அளவுகளைச் சற்றே மாற்றிமாற்றிப் பல முறை கணக்கிடுகின்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1992 முதல் இது வழக்கத்தில் உள்ளது. ஐம்பது கணக்குகளில் நாற்பது மழை என்றால், மழைக்கு வாய்ப்பு நூற்றுக்கு எண்பது. மழை வராத அந்த நாள், எஞ்சிய இருபதில் ஒன்றாக இருக்கலாம். அது பொய்யன்று.

இதைப் புரிந்துகொள்ளாத சமுதாயம் உயிரை விலையாகக் கொடுக்க நேரும். 2010 கோடையில் ஒரு பேரலை ரஷ்யாவின்மேல் வாரக்கணக்கில் நகராமல் நின்றது. ராஸ்பியின் எளிய சூத்திரம் மட்டும் அதை விளக்கப் போதாது. ஆனாலும் நிற்கும் அலை என்பது என்னவென்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஜூலை 29 அன்று மாஸ்கோவில் வெப்பம் 38.2 டிகிரி செல்சியஸ். அதே அலைத் தொடரின் விளைவாகத் தெற்கே இறங்கிய காற்றும் பருவமழையும் சேர்ந்து பாகிஸ்தானில் பெருவெள்ளம் உண்டாக்கின. ஏறத்தாழ இரண்டு கோடி மக்கள் பாதிக்கப்பட்டனர். பீட்டர் வெப்ஸ்டரும் தோழர்களும் 2011 இல் வெளியிட்ட ஆய்வு, அந்தப் பெருமழைக்கான வாய்ப்பு ஆறு முதல் எட்டு நாட்களுக்கு முன்பே கணிப்புகளில் தெரியக்கூடியதாக இருந்தது என்று காட்டியது. கணக்கு இருந்தது, அதை நம்பிப் பயன்படுத்தும் ஏற்பாடு இல்லை. "இத்தனை வாய்ப்பு" என்ற சொல்லைக் கேட்டுச் செயற்படப் பழகியவர்களே அத்தகைய எச்சரிக்கையால் பயன்பெற முடியும்.

இன்று பழைய வானிலைப் பதிவுகளைக் கொண்டு தாமே கற்றுக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளும் வந்துவிட்டன. ஐரோப்பிய வானிலை மையம் 2025 இல் அப்படியொன்றை அன்றாடப் பணிக்கே கொண்டுவந்தது. அவையும் பதிவுகளிலிருந்தே கற்கின்றன. பதிவு பொய்யானால் பாடமும் பொய்யாகும் என்ற விதி அவற்றுக்கும் பொருந்தும்.

உங்களுக்காகக் காத்திருக்கும் கணக்கு

கடைசியாக நம் பக்கத்து வானத்தைப் பற்றி ஒன்று. ராஸ்பியும் சார்னியும் கணக்கிட்டது நடு அட்சரேகை வானிலையை. நாம் வாழ்வது வெப்ப மண்டலத்தில். இங்கே பூமிச் சுழற்சியின் பிடி தளர்ந்தது; மேகங்கள் உருவாகும்போது வெளியிடும் வெப்பமே பெரிய ஆட்டக்காரர். ஜப்பானியரான தாரோ மட்சுனோ 1966 இல் நிலநடுக்கோட்டை ஒட்டி ஓடும் அலைகளைக் கணிதத்தால் கண்டார். ஆனால் 1971 இல் ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் இருவரும் பசிபிக் தீவொன்றின் பத்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, மட்சுனோவின் பட்டியலில் இல்லாத ஓர் ஊசலாட்டம் அகப்பட்டது. முப்பது முதல் அறுபது நாட்களுக்கொரு முறை மழை மேகக் கூட்டமாக இந்தியப் பெருங்கடலிலிருந்து கிழக்கே மெல்ல நகரும் பேரசைவு அது. வங்கக் கடலில் புயல் தோன்றும் வாய்ப்பும் இதனோடு கூடிக் குறைகிறது. இதை முழுமையாகப் பிடித்துக் காட்டுவது இன்றைய பெரிய கணிப்பொறி மாதிரிகளுக்கும் கடினமாகவே இருக்கிறது. இதற்கான ரிச்சர்ட்சன்களும் சார்னிகளும் இப்போது உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம்.

அதற்குப் பயிற்சியாக ஒரு சிறு வேலை தருகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். முப்பது நாட்களுக்கு உங்கள் ஊரின் அதிகபட்ச வெப்பநிலையைச் செய்தித்தாளிலிருந்து குறித்து வாருங்கள். தினமும் மாலையில், "நாளையும் இன்றைய அளவே" என்று ஒரு கணிப்பு எழுதுங்கள். பக்கத்தில், "இதுவரையுள்ள நாட்களின் சராசரி அளவே நாளை" என்று இன்னொரு கணிப்பும் எழுதுங்கள். மறுநாள் இரண்டும் எவ்வளவு பிசகின என்று குறியுங்கள். மாத முடிவில் எது குறைவாகப் பிசகியது என்று கூட்டிப் பாருங்கள். அவை இரண்டும் கணித மாதிரிகளே. இவற்றையும் வெல்ல முடியாத மாதிரி எவ்வளவு பெரிய கணிப்பொறியில் ஓடினாலும் பயனற்றது. வானிலை அறிஞர்கள் தங்கள் கணிப்புகளை இப்படித்தான் சோதித்துக்கொள்கிறார்கள். பிறகு உங்களுக்குத் தோன்றும் மூன்றாவது விதியொன்றை அமைத்து, இந்த இரண்டையும் வெல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை: அந்த நோட்டுப் புத்தகத்தைப் பேனாவால் எழுதுங்கள். ரப்பரை வீட்டில் வைத்துவிடுங்கள்.